நிம்மதி உள்ளேதான் என்றால், நாளைக் காலை என்ன செய்வது?

கேள்வி மல்லாவிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. சுருக்கம் இது: கனடாவில் இருக்கும் அண்ணன் அனுப்பிய காசில் கல்வீடு கட்டி முடிந்தது. மகளுக்கு வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மூன்று ஏக்கர் வயலும் கைவிடவில்லை. இருந்தும் மனம் ஆறுதில்லை. "எல்லாம் உனக்குள்ளதான் இருக்கு பிள்ளை" என்று பெரியவர்கள் சொன்னதை நம்பி, யூடியூப் பார்த்துக் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தால் நெஞ்சு படபடக்கிறது, பழைய ஞாபகங்கள் கிளம்புகின்றன. உள்ளே இருப்பதாகச் சொல்லும் நிம்மதியை எப்படித்தான் அடைவது?

நெஞ்சு படபடத்தது உங்கள் குறையல்ல. அந்த முறை உங்களுக்குப் பொருந்தாத முறை. ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று. உள்ளே இருக்கும் நிம்மதி தோண்டி எடுக்கிற புதையல் இல்லை. கவனத்தை எங்கே வைப்பது, ஆசையை எப்படிக் கையாள்வது, வந்த துன்பத்துக்கு என்ன செயலால் பதில் சொல்வது என்ற மூன்றையும் நாளாந்தம் பழகிப் பழகி வருகிற திராணி அது. மானாவாரி வயலுக்கும் குளத்துக்குக் கீழ் இருக்கிற வயலுக்கும் உள்ள வித்தியாசம் வன்னியில் எல்லோருக்கும் தெரியும். குளம் மழையை உண்டாக்குவதில்லை. பெய்ததைத் தேக்கி, பெய்யாத மாதத்துக்குக் கொடுக்கிறது. மனப்பயிற்சியால் ஆவதும் அவ்வளவுதான். மழையே தேவையில்லை என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே வெளிநிலைமை முக்கியமில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஒழுகுகிற கூரை, அடைவில் கிடக்கும் நகை, கிழமைக்குக் கிழமை படலையடிக்கு வரும் நுண்கடன்காரர், பொருந்தாமல் புண்ணாக்குகிற செயற்கைக் கால் எல்லாம் மூச்சைக் கவனித்துத் தீர்கிற விடயங்கள் அல்ல. மகிழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஒன்றுண்டு. 1978 இல் பிலிப் பிரிக்மனும் அவரோடு சேர்ந்த இருவரும் அமெரிக்காவில் லொத்தரில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும், இரண்டும் நேராத 22 பேரையும் ஒப்பிட்டார்கள். வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இருக்கவில்லை. காலைச் சாப்பாடு, சினேகிதரோடு கதைப்பது போன்ற நாளாந்தச் சின்ன இன்பங்கள்கூட அவர்களுக்குச் சற்றுச் சுவை குறைந்து போயிருந்தன. இதை வைத்துக்கொண்டு "கால் போனாலும் மனம் பழகிவிடும், எல்லாம் மனதில்தான்" என்று பேசுகிறவர்கள் அந்த ஆய்வின் மற்றப் பாதியை விட்டுவிடுகிறார்கள். விபத்தில் சிக்கியவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கிற அளவுக்கு அடியோடு விழவில்லை, அவ்வளவுதான். ஜேர்மனியில் பல ஆண்டுகளாகச் சேர்த்த தரவுகளை வைத்து ரிச்சர்ட் லூக்காசும் கூட்டாளிகளும் 2004 இல் எழுதியது இன்னொரு எச்சரிக்கை: வேலை இழந்தவர்கள், திரும்ப வேலை கிடைத்த பிறகும், பழைய மனநிறைவுக்கு முழுதாகத் திரும்பவில்லை. சில இழப்புகள் வடு விட்டுத்தான் போகும். வன்னியில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் கல்வீட்டுக்கு வருவோம். வீடு தன் வேலையைச் செய்கிறது: மழை உள்ளே வருவதில்லை, பாம்பு வருவதில்லை, பிள்ளை மேசையில் இருந்து படிக்க முடிகிறது. ஆனால் மாறாமல் இருக்கும் எதையும் மனம் கணக்கெடுப்பதை நிறுத்திவிடும். குடிபுகுந்த நாளின் பூரிப்பு சில மாதங்களில் தேய்ந்ததற்குக் காரணம் நன்றியின்மை அல்ல, மனதின் இயல்பு. அடுத்ததாக மாபிள் போட்டாலும் மதில் எழுப்பினாலும் இதே தேய்வு வரும். பெரிய செலவொன்று மனதில் எழும்போது கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள்: "இது வந்தால் ஒரு மாதம் கழித்து என் நாள் எந்த விதத்தில் இலகுவாகும்?" வேலையைக் குறைக்கும், உடம்பைக் காக்கும், பிள்ளைக்கு நேரம் தரும் என்று ஏதாவது குறிப்பாக எழுத முடிந்தால் வாங்குங்கள். "அவையள் போட்டிருக்கினம்" என்பதைத் தவிர எதுவும் எழுத வராவிட்டால், அது ஒப்பீட்டில் பிறந்த ஆசை. அதை அடக்க வேண்டியதில்லை. ஒரு போகம் தள்ளிப் போடுங்கள். பெரும்போக அறுவடைக்குப் பிறகும் அதே அளவு வேண்டுமாக இருந்தால் அப்போது யோசிக்கலாம். பெரும்பாலானவை அதற்கு முன்பே உதிர்ந்துவிடும்.

இனிக் கொப்பி வேலை. அதிகம் பலன் தருவதும், அதிகம் பேர் பிழையாகச் செய்வதும் இதுதான். ஒற்றைக் கோடு போட்ட சாதாரணக் கொப்பி போதும். பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் நடந்தது. வலப்பக்கம் அதன்மேல் மனம் சேர்த்தது. இடப்பக்கத்தில் வர வேண்டியதற்கு ஒரு சோதனை உண்டு: பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் மறுக்காமல் ஒத்துக்கொள்ளக் கூடியதா? "அண்ணா மூன்று கிழமையாகப் போன் எடுக்கவில்லை" என்பது இடப்பக்கம். "எங்களை மறந்திட்டார், அண்ணிதான் தடுக்கிறா, இனி நாங்கள் அவருக்குப் பாரம்" என்பதெல்லாம் வலப்பக்கம். மாலை விளக்கு வைத்த பிறகு, பத்து நிமிடம், ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். படுக்கப் போகும் நேரத்தில் செய்ய வேண்டாம். எழுதியது தலைக்குள் சுற்றி நித்திரையைக் கெடுக்கும்.

எழுதி முடிந்ததும் இடப்பக்கத்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு செயல் எழுத வேண்டும், நாளும் இடமும் சேர்த்து: "செவ்வாய்க் காலை பிரதேச செயலகம்", "ஞாயிறு இரவு அண்ணாவுக்கு நானே எடுப்பது, காசுக் கதை இல்லாமல்." செயல் எதுவும் இல்லாத வரியும் வரும். அப்படியானதற்கு எதிரே "இப்போது என் கையில் இல்லை" என்று எழுதினால் போதும். வலப்பக்கத்து வரிகளோடு வாதாட வேண்டாம். அவற்றை வாசித்து, "இது மனம் சொல்கிறது" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாலே போதும். அந்த எண்ணம் பொய் என்று நிரூபிக்கத் தேவையில்லை; நடந்ததிலிருந்து அது பிரிந்து நின்றாலே அதன் பாரம் இறங்கும். எங்கே பிழைக்கிறது என்றால், சிலர் வலப்பக்கத்தை மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அப்போது கொப்பி முறைப்பாட்டுப் புத்தகமாகி, எழுத எழுத ஆத்திரம் ஏறும். இடப்பக்கத்தில் ஒரு வரி விழாமல் வலப்பக்கத்தைத் தொடாதீர்கள்.

மூச்சுப் பயிற்சியில்தான் நீங்கள் இடறியிருக்கிறீர்கள், ஆகவே இதை மெதுவாகப் பார்ப்போம்.

மூச்சை வெளியே விடும்போது வேகஸ் என்ற நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. உள்ளே இழுக்கும்போது சற்று வேகமெடுக்கிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டுப் பார்த்தால் பலருக்கு இது கைக்கே தெரியும். வெளிமூச்சு நீளமானால் உடம்பு முழுவதும் அடங்குவதற்கு அதுவே அடிப்படை. முறை இதுதான்: கதிரையில் பாதம் இரண்டும் நிலத்தில் படும்படி இருங்கள், அல்லது பாயில் சுவரோடு முதுகு சாய்த்து இருங்கள். மூக்கால் நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. ஒரு எண்ணுக்கு ஒரு செக்கன் என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிடத்துக்கு முப்பது மூச்சு. காலையில் போனைக் கையில் எடுக்க முன் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. காலையில் போனுக்கு முன்னால் என்பதை நான் வற்புறுத்துகிறேன். வெளிநாட்டு நேர வித்தியாசத்தால் இரவு வந்து குவிந்த செய்திகளை முதலில் பார்த்துவிட்டால் அன்றைய மனத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

தலை சுற்றினால், விரல் நுனியும் உதடும் விறைத்தால், நீங்கள் மெதுவாக விடுவதற்குப் பதிலாக ஆழமாக இழுக்கிறீர்கள். அளவுக்கு மிஞ்சி இழுத்துவிட இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் வருவது அது. மூச்சைச் சின்னதாக்குங்கள்; பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத மூச்சாக இருக்கட்டும். தோள் மேலே எழும்பினால் ஒரு கையை வயிற்றில் வையுங்கள், கை அசைந்தால் சரி. நாலும் ஆறும் முட்டினால் மூன்றும் நாலும் போதும். தொய்வு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இதய வருத்தக்காரர் மூச்சை அடக்கி வைக்கும் பயிற்சிகளைத் தாமாகச் செய்ய வேண்டாம். மூச்சு அடக்குவதில் பெரிய சக்தி இருக்கிறது என்று காட்டும் காணொளிகளை இந்த விடயத்தில் தள்ளி வையுங்கள்.

மனம் அலைவது பற்றிப் பலர் மனமுடைந்து போகிறார்கள். 2010 இல் கில்லிங்ஸ்வர்த், கில்பேர்ட் என்ற இருவர் 2250 பேரிடம் கைத்தொலைபேசி வழியாக நாளின் வெவ்வேறு நேரங்களில் கேட்டுப் பார்த்ததில், விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 வீதம் மனம் செய்யும் வேலையில் இல்லை. அலையும் நேரத்தில் மகிழ்ச்சியும் குறைவு. ஆகவே அலைவது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. அலைந்தது தெரிந்து திரும்பி வந்தீர்களே, பயிற்சி நடந்தது அந்த இடத்தில்தான். முப்பது மூச்சில் இருபது தடவை திரும்பி வந்தால் இருபது தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள்.

இனி, கண்ணை மூடினால் வருகிற படபடப்பு. எறிகணைக்குள் ஓடியவர்களின் உடம்பு அந்த நாட்களைத் தன் வழியில் வைத்திருக்கிறது: நெஞ்சின் இறுக்கமாக, வயிற்றின் பிசைவாக, ஒரு மணமாக. கண்ணை மூடி, அமைதியில், கவனத்தை உடம்புக்குள் திருப்பச் சொன்னால் அது போய் நிற்கும் முதல் இடம் அதுதான். வெளியே பார்க்க எதுவும் இல்லாதபோது இது இப்போதையதா, அப்போதையதா என்று மூளைக்குப் பிரித்தறிய உதவியும் இல்லை. "தாங்கிக்கொண்டு இருந்தால் கரைந்துவிடும்" என்ற அறிவுரை இப்படிப்பட்டவர்களுக்கு ஆபத்தானது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் உடம்பு கற்றுக்கொள்வது ஒன்றுதான்: தியானம் என்றால் பயம்.

ஆகவே கண்ணைத் திறந்தே செய்யுங்கள். உள்ளே அறையில் வேண்டாம், விறாந்தையிலோ முற்றத்து மர நிழலிலோ இருங்கள். பார்வை நாலு அடி தள்ளி நிலத்தில் நிற்கட்டும். கவனத்தை நெஞ்சில் வைக்காமல் உள்ளங்காலில் வையுங்கள். வெறுங்கால் மண்ணில் படுவது நல்லது. படபடப்பு எழுந்தால் பயிற்சியை நிறுத்தி, காண்கிற ஐந்து பொருட்களை வாய்விட்டுப் பெயர் சொல்லுங்கள்: படலை, வாளி, முருங்கை, கோழி, சைக்கிள். பிறகு தொட்டு உணர்கிற நாலு, கேட்கிற மூன்று. முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடியுங்கள். இன்றைய திகதியையும் இருக்கும் ஊரையும் சொல்லுங்கள். இது தப்பி ஓடுவது அல்ல. "நான் இப்போது இங்கே இருக்கிறேன், இது முடிந்துபோனது" என்பதை உடம்புக்குக் காட்டும் வழி.

வாய்விட்டுச் சொல்லும் செபம் இதைவிட இலகு. சொல் இருக்கிறதால் மனத்துக்குப் பிடிமானம் இருக்கிறது. ஒரு அடியைச் சொல்லி முடிக்க மூச்சு தானாக நீளமாக வெளியே போகிறது. 2001 இல் இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி தலைமையில் நடந்த ஆய்வில் 23 பேரைக் கத்தோலிக்கரின் மரியே வாழ்க செபத்தை இலத்தீனிலும், "ஓம் மணி பத்மே ஹூம்" மந்திரத்தையும் சொல்ல வைத்து அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறுக்கு இறங்கியது. மேலே எண்ணிக் கஷ்டப்பட்ட அதே ஆறு. மடு மாதாவிடம் போகிறவர் செபமாலையோடும், வற்றாப்பளைக்கும் ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரத்துக்கும் போகிறவர் ஐந்தெழுத்தோடும், முஸ்லிம் சகோதரர் திக்ரோடும் செய்யலாம். வடபகுதியில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரில் அடிபட்ட மக்களுக்கு அவரவர் சமயத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் இந்தச் செப முறைகளையே தளர்வுப் பயிற்சியாகப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதிவந்தவர். செய்முறையில் ஒரே கவனம்: அவசரமாக உருப்போட வேண்டாம். ஒரு மூச்சுக்கு ஒரு அடி. நூற்றெட்டை முடிப்பது நோக்கமல்ல. ஐந்து நிமிடம் மெதுவாகச் சொன்னது போதும். நேர்த்தி வைத்து, கேட்டது கிடைக்க வேண்டும் என்ற கணக்கோடு சொன்னால் அது வேறு வேலை. அதைப் பிழை என்று சொல்லமாட்டேன், ஆனால் அதில் நிம்மதி மறுபடி வெளியே கட்டப்பட்டுவிடுகிறது.

சமயம் என்று வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். இரணைமடு நீர்ப்பாசன வேலைகள் நடந்த காலத்தில் கிளிநொச்சியில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை செய்தவர் பின்னாளில் யோகர் சுவாமிகளாக அறியப்பட்டவர் (1872–1964). தம் குரு செல்லப்பா சுவாமிகளிடமிருந்து பெற்று அவர் சொல்லிவந்த "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்ற வாக்கு நம் வீடுகளில் இன்றும் புழங்குகிறது. அது ஒருவர் தமக்குத் தாமே, நெடுநாள் பயிற்சியின் பின், தம் துன்பத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டிய வாக்கு. மகனைத் தேடுகிற தாயின் முகத்தைப் பார்த்து மற்றவர் சொல்வதற்கானது அல்ல. உள்நிம்மதி பற்றிய எந்தப் போதனையையும் இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள்: தன்மேல் வைத்தால் மருந்து, பிறர் வாயை அடைக்க எடுத்தால் அநியாயம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் "மறந்துவிட்டு நிம்மதியாக இரு" என்று சொல்வது அப்படியான அநியாயம். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்பைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர், இப்படிப்பட்ட இழப்பில் துக்கத்தை முடித்துவைக்க வற்புறுத்துவதே மனத்தைக் குழப்புகிறது என்கிறார். திவசம் செய்வதா, பொட்டு வைப்பதா, சாப்பாட்டில் ஒரு பங்கு எடுத்து வைப்பதா என்ற கேள்விகளுக்கு ஒரே விடை தேடாமல், இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளப் பழகுவதே ஆறுதல் தருகிறது: "அவர் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். நான் தேடுகிறேன், வாழவும் செய்கிறேன்." 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார் உண்மையைக் கேட்பதை நிறுத்தினால்தான் உள்நிம்மதி வரும் என்று யாரும் சொல்ல முடியாது. போராட்டக் கொட்டிலுக்குப் போய் வந்த மாலையில் பேரப்பிள்ளையோடு சிரிப்பதைத் துரோகம் என்று தம்மைத் தாமே குற்றம் சாட்டாமல் இருப்பது, அந்த நிலையில் பழக வேண்டிய பாடம்.

செயலைப் பற்றிச் சுருக்கமாக. மனம் சரியான பிறகு எழும்பி வேலை செய்வோம் என்று காத்திருந்தால் பெரும்பாலும் எழும்புவதே இல்லை. சிறிய, முடிவு தெரிகிற வேலையை முதலில் செய்ய, மனம் பின்னால் வரும். கத்தரிப் பாத்தி ஒன்றைக் கொத்துவது, வாய்க்கால் துப்புரவுக்கு மண்வெட்டியோடு போவது, வயோதிபரின் மருந்துத் துண்டை எடுத்துக்கொண்டு கிளினிக் போய் வருவது போன்றவை. கிழமைக்கு ஒன்று, யாருக்கும் சொல்லாமல் செய்யும் உதவியாக இருக்கட்டும். சொல்லிச் செய்தால் நன்றி வராத நாளில் கசப்பு வரும். ஆனால் இந்த அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. விடிய நாலு மணிக்கு எழும்பி இரவு பத்துவரை வீட்டாருக்கே உழைக்கிற பெண்ணுக்கு "இன்னும் சேவை செய்" என்பது மருந்தல்ல. அவருக்குத் தேவை, கேட்டு வாங்கி எடுத்துக்கொள்ளும் அரை மணி நேரம்; அந்த நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் தேத்தண்ணி போட்டுக்கொள்ளட்டும்.

குடியைப் பற்றியும் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் ஆண்களின் "மனஆறுதல்" அதுதான். சாராயமோ கசிப்போ நித்திரையைக் கொண்டுவருவது போலத் தெரியும். பின்னிரவில் நித்திரையை உடைப்பதும் அதுதான், அடுத்த நாள் பதற்றத்தைக் கூட்டுவதும் அதுதான். பல வருடம் நாளாந்தம் அதிகமாகக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, புத்தி மாறாட்டம் வரலாம். வைத்தியரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

எது பயிற்சியால் தீரும், எது நோய் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் அநேகமாக ஒவ்வொரு நாளும் மனம் சோர்ந்து, எதிலும் விருப்பமில்லாமல், நித்திரையும் சாப்பாடும் கெட்டு, வேலை ஓடாமல் இருந்தால் கொப்பியையும் மூச்சையும் மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்ட வைத்தியசாலைகளில் மனநல சேவை உண்டு. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம். அவசர அம்புலன்ஸ் 1990. வயல் மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். பூட்டுப் போட்டு, திறப்பை இன்னொருவரிடம் கொடுங்கள். தேவையான அளவுக்கு மேல் வாங்கியும் வைக்காதீர்கள். இலங்கையில் மிக நச்சான பூச்சிமருந்துகள் 1995 இலும் 1998 இலும் தடை செய்யப்பட்ட பிறகு, அடுத்த பத்தாண்டுக்குள் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாக இறங்கியது. நாட்டின் மனநிலை அதற்குள் மாறிவிடவில்லை, போரும் முடிந்திருக்கவில்லை. கைக்கெட்டும் இடத்தில் மிகக் கொடிய நஞ்சு இல்லாததால், கடந்துபோகும் அந்த ஒரு மணி நேரத்தைப் பலர் உயிரோடு கடந்தார்கள். உள்ளே வலிமை வளரும்வரை வெளியே வேலி போட்டுக் காப்பதும் இந்தப் பயிற்சியின் பகுதியே.

எவ்வளவு காலம் எடுக்கும் என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். 1979 இல் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் கபட்-சின் தொடங்கிய கவனப் பயிற்சி எட்டுக் கிழமைத் திட்டம்; அதில் வீட்டில் நாளுக்கு முக்கால் மணி நேரம் வரை செய்யச் சொல்வார்கள். வயலும் மாடும் பிள்ளையும் உள்ளவருக்கு அது சரிவராது. ஐந்து நிமிடம் இரண்டு தடவை என்று தொடங்குங்கள், ஏற்கெனவே நாளாந்தம் நடக்கிற ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள்: முற்றம் கூட்டி விளக்குமாறை வைத்ததும், அல்லது மாலையில் விளக்கு வைத்ததும். நேரம் குறித்தால் தவறும், வேலையோடு கட்டினால் தவறாது. முதல் கிழமையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சிலருக்கு இத்தனை நாள் கவனிக்காத பதற்றம் கண்ணில் படுவதால் கூடினது போலவும் இருக்கும். முதலில் தெரிகிற மாற்றம் சந்தோசம் அல்ல. பிள்ளையை ஏசுவதற்கு வாயெடுக்கும் முன் ஒரு கணம் இடைவெளி விழும். அது விழத் தொடங்கினால் பயிற்சி வேர் பிடிக்கிறது.

2009 இல் இலண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேர் புதிய பழக்கம் ஒன்றைப் பழகுவதைப் பின்தொடர்ந்தார்கள். பழக்கம் தானாக ஓடும் நிலைக்கு வர எடுத்தது நடுவாக 66 நாள். ஆளுக்காள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை கணக்கு விரிந்தது. ஒரு நாள் தவறியது அந்தப் பழக்கத்தைக் கெடுக்கவில்லை. இதை விதைப்புக் காலத்துக்காகச் சொல்கிறேன். ஐப்பசியில் மழை விழுந்து உழவு மெசின் வாசலுக்கு வந்துவிட்டால் ஐந்து நிமிடமும் கிடைக்காது. யானைக் காவலுக்கு இரவில் கண்விழிக்கும் கிழமைகளும் அப்படித்தான். அந்த நாட்களில் முழுப் பயிற்சியையும் பிடித்துக்கொண்டு தோற்பதைவிட, கை கால் கழுவும்போது மூன்று மூச்சு மட்டும் நீளமாக விடுங்கள், கொப்பியை மூடி வையுங்கள். வேலை ஓய்ந்த முதல் மாலை விளக்கு வைத்ததும் பழைய ஐந்து நிமிடத்திலிருந்து திரும்பத் தொடங்கலாம். விட்ட நாட்களுக்குச் சேர்த்துச் செய்ய வேண்டியதில்லை.